வெறும் உரல்

அவன் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி அதை வாயிலிருந்து எடுக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவன் அண்ணன் தணிகாசலம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கூடவே தெருக்காரர்கள். நோயாளியைப் பார்க்க ஒருவரும் உள்ளே வரவில்லை. காதை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

கடவுள் இல்லையென்று சிந்தாதிரிப்பேட்டையில் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டுப் பேசியவன். கோயில் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டச் சொல்லி மகாராணியின் சர்க்காருக்கு மனுப் போட்டவன்.

சாகும்போது யாரைக் கூப்பிடுவான்?

"ஒரே ஒரு தடவை முருகான்னு வாயத் திறக்கட்டும். நாளைக்கே நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிடறேன்."

உள்ளே கேட்கட்டும் என்றுதான் அண்ணன் சொன்னார்.

வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரி மருந்துக்கு இப்போது வலி கேட்பதில்லை.

வலியில் யார் யோசித்துக் கத்துகிறார்கள்? சின்ன வயதில் காலில் தைத்த முள்ளை அம்மா எடுக்கும்போது கத்தியதுதான் கடைசிவரை நாக்கில் இருக்கும். அது அவனுக்கும் தெரியும்.

அதற்குத்தான் துண்டு.

ஜன்னலைச் சாத்தலாம். சாத்தினால், கூப்பிட்டுவிட்டான், இவள் மறைக்கிறாள் என்பார்கள்.

அடுத்த வலி வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. துண்டில் ரத்தம்.

அவள் எழுந்தாள். மர உரலை உருட்டி வந்து ஜன்னலடியில் நிறுத்தினாள்.

வெறும் உரலை இடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அவள் அதையெல்லாம் நம்புகிறவள். சாமி கும்பிடுகிறவள். அவன் ஒரு நாளும் தடுத்ததில்லை.

உலக்கையை ஓங்கிப் போட்டாள்.

வெளியே ஒருத்தி சிரித்தாள். "புருஷன் இழுத்துக்கிட்டுக் கெடக்கான். இவளுக்கு மாவு கேக்குது, பாரேன்."

அவள் நிறுத்தவில்லை. அவன் பக்கம் குனிந்தாள்.

"கத்துங்க."

அவன் அவளையே பார்த்தான்.

துண்டு கீழே விழுந்தது.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இடித்தாள். தோள் கழன்றுவிடும்போல இடித்தாள்.

வெயில் சாயும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

அண்ணன் உள்ளே ஓடி வந்தார். தம்பியைத் தொடுவதற்கு முன் அவளைக் கேட்டார், கடைசியில் என்ன சொன்னான் என்று.

"உரல் சத்தத்துல காதுல விழல, மாமா."

தலைமாட்டில் விளக்கை ஏற்றினாள். அந்த வெளிச்சம் மாடத்துக்கும் போனது. அங்கே அவள் தினமும் கும்பிடும் சின்ன வேல்.

உனக்குக் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை.