டூலுக்கு அடியில்

லேத் ஓடும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் சொக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோச்சடை வீட்டு மாடி அறை, வெறுந்தரை. கண்ணை மூடினால் அறையே மெல்ல நகர்ந்து எங்கோ போவதுபோல இருக்கும். என் வீட்டுக்காரர் அழகுபாண்டி இரும்பு, பித்தளை கடைய ஆசைக்கு வாங்கிய லேத் அது. அவர் அதில் கடைந்ததைவிட அதன் சத்தத்தில் நான் தூங்கியதுதான் அதிகம்.

தையல் மெஷின் அளவுதான் இருக்கும். ஆனால் விரல் மாட்டினால் விட்டுவைக்காது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. விற்றுவிடுங்கள் என்று கரைத்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் இறங்கி வந்தார். இன்றைக்கு ஒரு பித்தளைத் தண்டைக் கடைந்து பார்ப்பாராம். வழவழவென்று வந்தால் லேத் இருக்கும். வராவிட்டால் சாயங்காலம், பழைய மெஷின் வாங்கும் கப்பலூர் தமிழ்மாறன் வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். மெஷினில் இறுக்கி மாட்டிய டூலுக்கு, அந்த வெட்டு உளிக்கு, கை நடுக்கம் தெரியாது என்பது அவர் கட்சி.

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டூலாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. இரும்புக்கு ஆகும் டூல் பித்தளைக்கு ஆகாதாம், கொத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடுமாம். மேல்பக்கம் தட்டையாக இருந்த ஒன்றை எடுத்தார்.

அதை லேத்தில் டூல் மாட்டும் பள்ளத்தில் வைத்து, உயரத்துக்காக அடியில் தகட்டுத் துண்டு கொடுத்தார். துண்டு கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

திருகாணிகளை இறுக்குவது என் வேலை. சாவியைத் திருகாணித் தலையிலிருக்கும் சின்னக் குழிக்குள் நுழைக்க அவர் கை இப்போதெல்லாம் ஒத்துழைப்பதில்லை. இறுக்கிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன்.

டூல் முனைக்கும் தண்டுக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலைக் கவ்வக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்தார். ஸ்கேல் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அப்படி நின்றால் உயரம் சரி என்று அர்த்தம்.

லேத் ஓடியது. ஜன்னல் வெயிலில் மஞ்சள் தூள் மிதந்து வந்து என் கைமேல் இறங்கியது. அறை நகர ஆரம்பித்தது. எனக்குக் கண் செருகியது.

சத்தம்தான் எழுப்பியது. பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம்.

அவர் நிறுத்தி, தண்டின்மேல் நகத்தை ஓட்டினார். அலை அலையாக வரி விழுந்திருந்தது.

"கை நடுக்கம் பித்தளைக்குள்ளயும் போயிருச்சு தாமரை. தமிழ்மாறன வரச் சொல்லிரு."

எழுந்து உட்கார்ந்தேன். என் கண்ணும் டூலும் ஒரே மட்டத்தில் இருந்தன. டூலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு பொருக்கு தெரிந்தது.

சந்தனம்.

ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்து நான் வைத்த பொட்டு. அன்றைக்கு டூல்களையெல்லாம் கழற்றித் தாம்பாளத்தில் வைத்திருந்ததால் அந்தப் பள்ளம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் இன்றுதான் லேத்தைத் தொடுகிறார். பொட்டு காய்ந்து கல்லாகிவிட்டது. அதன்மேல் உட்கார்ந்த டூல்தான் ஆடியிருக்கிறது, அவர் கை இல்லை.

நான் இதைச் சொல்லாமல் சாயங்காலம் வரை இருந்தால் போதும், லேத் போய்விடும். அவர் விரல்கள் எனக்கு மிச்சம்.

அவர் துணியில் எண்ணெய் தொட்டு, மோட்டார் பக்கமிருந்து துடைக்க ஆரம்பித்தார். சந்தைக்கு ஓட்டிப்போகும் மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல, இண்டு இடுக்கு விடாமல். துணியும் சேர்ந்து நடுங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

"தள்ளுங்க. நான் மாட்டுனதுதான் சரியில்ல."

டூலைக் கழற்றினேன். தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கை எடுத்துப் பொருக்கைச் சுரண்டினேன். லேசில் வரவில்லை. வந்த தூளை ஊதித் தள்ள மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். குறைந்த உயரத்துக்கு இன்னொரு தகட்டுத் துண்டு கொடுத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ஸ்கேல் மறுபடி நேராக நின்றது.

இந்த முறை எனக்குத் தூக்கம் வரும் அந்தப் பழைய சத்தம்.

நிறுத்தியபோது பித்தளையில் என் மூக்குத்தி தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அடியில என்ன இருந்துச்சு?"

"தூசிங்க."

பூஜையன்று மோட்டார், சக்கரம், டூல் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் மட்டும் விரலை எடுக்காமல் வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகாமல் இந்த மெஷின் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று.

சாமி அந்தப் பொட்டை வைத்தே கேட்டதைக் கொடுக்கத்தான் பார்த்தது.

பயம் போகவில்லை. முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டே தமிழ்மாறனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னேன்.