ஆளுக்கு ஒரு வாளி

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் அடுக்குமாடியின் சலவை அறையில், சுற்றுகிற மெஷினின் மேல் கஜலக்சுமியின் கைபேசி நடுங்குகிறது. அதன் வீடியோ அழைப்புக்குள் நெடுந்தீவும் மச்சாள் யோகாம்பாளும் சேர்ந்து நடுங்குகிறார்கள். காட்டுக்குதிரை பார்க்கப் போகும் சுவிஸ் தம்பதி நாளைக்கு மச்சாள் வாடகைக்கு விடும் புது அறையில் தங்குகிறது. நல்ல தண்ணீரோ கிணற்றின் அடியில் கிடக்கிறது. மச்சாள் நிறைந்த வாளியைக் காட்டுகிறாள். "குளிக்க ஆளுக்கு இவ்வளவுதான் எண்டு முகத்துக்கு நேரே எப்பிடியடி சொல்லுறது?" கஜலக்சுமி சுவரில் ஒட்டியிருக்கும் ஜெர்மன் அறிவித்தல்களைக் காட்டுகிறாள்: வடிகட்டியில் சேரும் பஞ்சை எடு, மெஷினைத் துடை, கதவைத் திறந்து விடு. "சொல்லாதேங்கோ மச்சாள், ஜெர்மன்ல எழுதி ஒட்டுங்கோ. கீழ 'நிர்வாகம்' எண்டு போட்டால் காணும், மறுபேச்சில்லை." "ஆரடி நிர்வாகம்?" "நீங்கள்தான்." யோகாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். பின்னால் ஒரு குதிரை வந்து வாளிக்குள் வாயை வைக்கிறது. "மச்சாள், குதிரை!" நிர்வாகம் திரும்பிப் பார்க்கிறது. "குடிக்கட்டும். அதைப் பார்க்கத்தானே அவையள் வருகினம்."