இடது முழங்கால்

டீனா பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் ஜீன்ஸ்தான் முதலில் வந்து விழுந்தது. இடது முழங்காலில் வைத்துத் தைத்த ஒட்டு, பாதி பிரிந்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது.

மகளின் துணி கிழிந்து வந்ததைப் பார்த்து எந்தத் தகப்பனுக்கும் இத்தனை சந்தோஷம் வரக் கூடாது. கிளிஃபர்டுக்கு வந்தது.

“சீக்கிரம் தைங்க டாடி. நாளைக்கு மேட்ச்சு.”

டீனா சாந்தோம் சிறுமிகள் டீமின் கோல் கீப்பர். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் இவள் இடது பக்கமே விழுவாள். அதனால் கோலும் போகும், ஜீன்ஸும் போகும். ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னால், இந்த ஜீன்ஸ்தான் ராசி என்பாள்.

கிளிஃபர்ட் அசோக் நகரில் நண்பன் டெரிக்கின் அறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

பெரிய சண்டை எதுவும் இல்லை. மனைவி ஐரின் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். அவளுடைய அக்கா தங்கைகள் எல்லோரும் சாப்பிட வந்திருந்த அன்று, நாலு தையல் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுவிட்டான். அவளும் நன்றாகத் திருப்பிக் கேட்டாள். இவன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீறாப்பாகக் கிளம்பிவிட்டான்.

கிளம்புவதற்கு வீறாப்பு போதும். திரும்பிப் போவதற்கு யாராவது கூப்பிட வேண்டும். ஐரின் கூப்பிடுகிற ரகமில்லை.

அவள் முதல் சனிக்கிழமை மகளோடு இந்த ஜீன்ஸை அனுப்பிவைத்தாள். தையல் ஒரு வேலையே இல்லையாமே, அவரையே தைத்துத் தரச் சொல் என்று அம்மா சொன்னதை டீனா ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

கொரியர் ஆபீஸ்காரன் அல்லவா, முதல் தடவை ஸ்டேப்ளர் அடித்து அனுப்பினான். மறுவாரமே திரும்பி வந்தது. அப்புறம்தான் ஊசியும் நூலும் வாங்கினான். விரலெல்லாம் குத்திக்கொண்டு தைத்து முடித்தால், டீனாவின் கால் உள்ளே போகவில்லை. முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துத் தைத்திருந்தான்.

பிரித்து மறுபடி தைக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

தையல் கெட்டியாக நின்றுவிட்டால் ஜீன்ஸ் திரும்பி வராது. இந்த ஒரு ஜீன்ஸ் விஷயமாகத்தான் ஐரின் அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புகிறாள். திட்டுதான். திட்டும் நின்றுபோனால் அவன் வீடு போய்ச் சேர வழியே இல்லை.

ஆகவே நூலின் நுனியில் முடிச்சுப் போடாமல் விட்டான். வாராவாரம் விட்டான். தன்னை மிஞ்சிய கில்லாடி மெட்ராஸிலேயே கிடையாது என்று நினைப்பு வேறு.

போன வாரம்தான் புத்தி கெட்டுப்போயிற்று. கை பழகிவிட்டதால் தையல் அவ்வளவு சீராக விழுந்திருந்தது. பெருமை தாங்காமல், இரட்டை நூலில் இறுக்கித் தைத்து முடிச்சும் போட்டு அனுப்பிவிட்டான்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சொந்தக் காசில் சூனியம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருந்த ஐரினின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே, அந்தத் தையல் பிரிந்துவிட வேண்டும் என்று மன்றாடினான். அதற்காக மெழுகுவத்திகூட ஏற்றினான்.

இதோ, பிரிந்துவிட்டது. அந்தோணியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஜீன்ஸை உள்பக்கமாகத் திருப்பினான்.

முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

தையலை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். ஒன்று விட்டு ஒன்று, துணியில் ஒரு கீறல்கூடப் படாமல். டீனா விழுந்து பிரிந்திருந்தால் துணியோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். இது தையல் பிரிக்கிற சின்னக் கத்தியின் வேலை. அந்தக் கத்தி அந்த வீட்டில் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

கிளிஃபர்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

முடிச்சே இல்லாத தையலை இத்தனை வாரமாக ஒரு தையல் டீச்சருக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை இவனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள். முடிச்சு விழுந்ததைப் பார்த்து அவளும் பயந்துதான் போயிருக்கிறாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

“செருப்ப மாட்டு டீனா. இத உங்கம்மாகிட்டதான் குடுக்கணும். லேசுப்பட்ட வேலை இல்ல இது, எனக்கு வரல.”

டீனா செருப்பை மாட்டவில்லை. குளியலறைக்கு ஓடிப்போய், முதல் வேலையாக அவனுடைய டூத் பிரஷை எடுத்துக்கொண்டு வந்தாள்.