இடது நுரையீரல்

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இடது நுரையீரல் அரிச்சுப் போயிருக்கு. டி.பி.தான். இன்னிக்கே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஆரம்பிக்கணும்."

சுடலைமாடன் தலையில் கைவைத்துக்கொண்டார். கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்த அவர் மனைவி முப்பிடாதியம்மாளோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஊசி வேண்டாம்."

"ஏட்டி, சாகப் போறியா? படமே சொல்லுதுல்லா!"

"அது என் படமில்ல. படம் எடுக்கையில கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாம், தாலியக் கழத்தணும்னு அங்கன நின்ன நர்சு சொன்னா. நீங்க உசுரோட இருக்கும்போ கழத்துவேனா? என் பேரச் சொல்லி செண்பகவல்லிய உள்ள அனுப்பிட்டேன். அவளுக்குத்தான் கழத்த ஒண்ணுமில்லையே."

இறந்துபோன மகனின் மனைவி செண்பகவல்லி, கஞ்சித் தூக்குவாளியோடு வார்டு வாசலில் நின்றிருந்தாள். மாமியார் துப்பும் சட்டியைத் தினமும் கழுவுகிறவள் அவள்தான்.

சுடலைமாடனின் முகம் தெளிந்தது. "அப்பாடா! அப்போ உனக்கு ஒண்ணுமில்ல."

முப்பிடாதியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"ஏட்டி, வாளிய அங்கனயே வை. கிட்ட வராத."