திறந்தால் மூடு

“திறந்தா மூடணும். இது என்ன பெரிய ராக்கெட் விஞ்ஞானமா?” லூதெனித்சா என்ற குடமிளகாய்த் தொக்கு ஜாடியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி ரொட்டியில் தடவியபடியே ஓக்னியான் பொருமினார். லேப்டாப்பை எதிரே இருந்த ரலித்சாவின் பக்கம் திருப்பினார்.

ரலித்சா பிரவுசர் தயாரிக்கும் கம்பெனிக்காரி, தலைநகர் சோஃபியாவிலிருந்து ப்ளோவ்திவ் நகருக்கு வந்திருந்தாள். இணையப் பக்கங்களை எழுதுவதற்கு விதி வகுக்கும் குழுவின் கூட்டம். சாப்பாடு முடிந்ததும் ஓட்டெடுப்பு. எந்த பிரவுசரும் மதிக்காத விதியைத் தூக்கிவிடுவார்கள்.

தலை நரைக்கப் போராடி ஓக்னியான் கொண்டுவந்த விதிக்கு இன்று அந்தக் கதி. மற்ற பிரவுசர்காரர்களிடம் கெஞ்சியது செவிடன் காதில் ஊதிய சங்குதான். இவள் ஒருத்தி ஒத்துக்கொண்டாலும் விதி பிழைத்துவிடும்.

அவர் திறந்தபடி விட்ட ஜாடியை ரலித்சா மூடி வைத்தாள்.

ஓக்னியான் தன் கையாலேயே எழுதி இணையத்தில் ஏற்றிய விதிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். “படி.”

“‘ஒரு பகுதியின் தொடக்கத்தில் திறந்த டேக் எனும் குறியை அதன் முடிவில் மூடாவிட்டால், அதற்குக் கீழே உள்ள எதையும் பிரவுசர் காட்டக் கூடாது.’”

“உன் பிரவுசர் என்ன பண்ணுது? தானே மூடிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி முழுசாக் காட்டுது.”

“பாவம் சார், எழுதறவங்க மறந்துடறாங்க.”

“மறந்தா அனுபவிக்கட்டும். பட்டாத்தான் புத்தி வரும். நீங்கதான் செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்குறீங்க.” கையிலிருந்த ரொட்டியை அவள் பக்கம் நீட்டினார். “ஒரே ஒரு தடவை விதிப்படி நடந்து பாக்கக் கூடாதாம்மா?”

“போன வாரம் நடந்து பாத்தோம் சார். ஒரு பேஜ் பாதியிலயே நின்னுபோச்சு. அன்னிக்கே ஏகப்பட்ட புகார். பழையபடி மாத்திட்டோம்.”

ஓக்னியான் ரொட்டியைத் தட்டில் போட்டார். ஒரே ஒரு சோம்பேறிக்காக இத்தனை வருட உழைப்பு குப்பைக்குப் போவதா?

“யாரோட பேஜ்? சொல்லு. ஒரு டேக்கை மூடத் துப்பில்லாதவனை இன்னிக்குக் கூட்டத்துலயே நாறடிக்கிறேன்.”

ரலித்சா ஜாடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இப்ப என்னைப் படிக்கச் சொன்னீங்களே சார், அந்த பேஜ்தான்.”