ஈரம் காயும் நேரம்

இசக்கியம்மாள் தங்கப்பழத்துக்குத் தர வேண்டியது நாற்பத்தெட்டு ரூபாய், எல்லாம் டீக்காசு. ஆசுபத்திரித் தரை துடைக்கிறவர்கள் இரண்டு பேரும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை எடுக்கணும். இல்லையென்றால் பினாயில் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு எட்டாது. பினாயில் போட்டபின் பத்து நிமிஷம் தரை ஈரமாகவே கிடக்கணும். அதுவரை வராந்தாவில் நின்று டீ குடிப்பார்கள். புருஷன் போன பிறகு அவள் மனசுவிட்டுச் சிரித்ததெல்லாம் அங்கேதான்.

பிறகு புது மருந்து வந்தது. வாடையே கிடையாது, ஒரே நிமிஷத்தில் கிருமி செத்துவிடும் என்றார்கள். மிச்ச நேரத்துக்கு ஆளுக்கு இன்னொரு வார்டு கொடுத்தார்கள். தங்கப்பழம் மாடிக்குப் போய்விட்டார். கடனைக் கொடுத்துவிட்டால் அவரிடம் பேச ஒரு சாக்கும் இருக்காது என்று அவள் கொடுக்காமலே வைத்திருந்தாள்.

அவருடைய கடைசி வேலைநாளில் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

"இத்தனை நாளா முடிஞ்சு வச்ச காசு. கிருமி குடியிருக்கும், எனக்கு வேண்டாம்" என்றார்.

உள்ளறை மூலையில் கிடந்த பழைய பாட்டிலை எடுத்து வந்து வாளியில் ஊற்றினார். கறுப்புப் பினாயில் தண்ணீரில் பாலாய் வெளுத்தது.

"துடைச்ச தரையிலயா அண்ணாச்சி?"

"இது பழைய மருந்து, பத்து நிமிஷம் கேக்கும். நீ டீ வாங்கிட்டு வா. கணக்குத் தீந்துது."

அவர் தரையை நனைத்து முடிப்பதற்குள் வாங்கி வந்தாள். அந்தப் பழைய வாடையில் இருவரும் நின்றார்கள். தரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. அவள் நடுவில் மிஞ்சியிருந்த ஈரத்தையே பார்த்தபடி, எப்போதோ ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.