மூன்றிலிருந்து நான்கு வரை

"இல்லாத ஓட்டலுக்கு நிஜ ஆளைச் சாப்பிடக் கூப்பிடுறவனைவிடப் பெரிய முட்டாள் இதுவரைக்கும் பிறந்ததில்ல, இனிமேலும் பிறக்கப் போறதில்ல" என்று மேதை பிரகடனம் செய்தான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

அந்த முட்டாள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடியின் கனத்தால் வகுப்பில் அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர்; பிரகடனம் செய்தவனுக்கு மேதை என்று பெயர்.

இருவரும் இணையதளம் வடிவமைக்கப் படிக்கிறவர்கள். ஆளுக்கொரு கற்பனை ஓட்டலுக்கு இணையதளம் செய்து காட்ட வேண்டும். அடுப்பு வேண்டாம், அரிசி வேண்டாம். மெனுவும், மேசை பதிவு செய்யும் பக்கமும் இருந்தால் போதும். பதிவு செய்கிறவருக்கு 'உங்கள் மேசை தயார்' என்று மெயில் மட்டும் நிஜமாகவே போகும். சோதித்துப் பார்க்க எல்லோரும் 'அஆஇஈ' என்று எதையாவது தட்டித் தங்களுக்கே அனுப்பிக்கொள்வார்கள். சோடாபுட்டியோ, படிப்பைப் பாதியில் விட்டு வேறு ஊருக்குப் போய்விட்ட முன்வரிசைப் பெண்ணின் முகவரியைப் போட்டிருந்தான். இரண்டு பேர், ஜன்னலோரம்.

"கை தானா அடிச்சிடுச்சுடா."

"கை மேல பழி போடாத. அது பாவம், சொன்னதைச் செய்யுற ஜீவன். சரி, அவ கிளம்பி வந்துட்டா என்ன பண்ணுவ? ஸ்க்ரீனை நக்கச் சொல்லுவியா?"

"வந்தா போதும்டா. பட்டினியா உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம்."

மேதை கைகூப்பினான். "காதல் கண்ணை மறைக்கும்பாங்க. உனக்கு ஏற்கெனவே பாதி மறைஞ்சிருக்கு."

"என்னைச் சொல்றியே, உன் ஓட்டல் மட்டும் என்ன வாழுதாம்? நேரத்தை மாத்தலைன்னா நாளைக்கு ஃபெயில்னு சார் சொல்லிட்டாருல்ல?"

மேதையின் ஓட்டல் வகுப்பு முழுக்கப் பிரசித்தம். ஒரே மேசை, இரண்டே நாற்காலி. மெனுவில் 'சூடான சாப்பாடு' தவிர வேறொன்றும் கிடையாது. திறந்திருக்கும் நேரம் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை. கீழே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: 'இங்கே நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது.'

"ஊரே சாப்பிட்டுத் தூங்குற நேரத்துல எவன்டா ஓட்டலைத் திறப்பான்? பன்னெண்டுலேருந்து மூணுன்னு மாத்தித் தொலையேன். இதுல தோத்தா மறுபடியும் முதல்லேருந்து படிக்கணும், தெரியும்ல?"

"தெரியும். மாத்த மாட்டேன்."

"காமெடிக்காக ஃபெயிலாகப் போறியா?"

"கலைக்காக உயிரையே விட்டவங்க இருக்காங்க."

இவனோடு பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று சோடாபுட்டி டீ வாங்கப் போனான். வழியெல்லாம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தான். அவளிடமிருந்து பதில் இல்லை. திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மேதை கொஞ்சம் எழுந்து போனால் தானே அந்த நேரத்தை மாற்றிவிடுவது. நட்புக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இரண்டு டம்ளர்களோடு அவன் பின்னால் வந்து நின்றது மேதைக்குத் தெரியவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, தன் ஓட்டலின் பதிவுப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தான்.

பெயர்: அம்மா. ஆட்கள்: இரண்டு.

குறிப்பு: 'வேலை பார்க்குற ஓட்டல்ல ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு, மூணு மணிக்கு அடுப்படி ஓரமா நின்னுக்கிட்டே ஆறினதைச் சாப்பிடாதம்மா. இங்க வந்து உட்காரு, நான் பரிமாறுறேன்.'

பிறகு, பொத்தானுக்கே வலித்துவிடும்போல, மெல்ல 'அனுப்பு' என்பதை அழுத்தினான்.